உழுபவருக்கு எத்தனை ஆண்டு? ஜெயக்குமாரின் அரசியல் குறித்து ஒரு மதிப்பீடு

1974 முதல் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தொகுதியை அசைக்க முடியாமல் வைத்திருந்த மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலுவை, 2008 பொதுத்தேர்தலில் ஒரு மார்புநோய் மருத்துவர் 1,821 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பத்தாண்டு நாடாளுமன்றத்தில் இருந்த பிறகு, 2018இல் அதே மருத்துவருக்கு அதே தொகுதியில் கிடைத்தவை 1,505 வாக்குகள். வைப்புத்தொகையும் போயிற்று. மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றில் அவர் மாவீரர், மற்றதில் காலாவதியானவர். அவர் மக்களிடம் சென்ற விதமும், நிலம் பற்றி அவரும் அவர் கட்சியும் முன்வைக்கும் கொள்கையும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை.

முதலில் மக்களிடம் சென்ற விதம். அவரும் தோழர்களும் 1980களிலேயே தோட்டங்களுக்குள் நுழைந்துவிட்டார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை என்ற நிலையில், தோட்டப் பாட்டாளிகளுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது மாற்று வீடு கேட்டு நின்றார்கள். 1999இல் ஜனநாயகச் செயல் கட்சி (ஜ.செ.க.) சின்னத்திலும் 2004இல் மக்கள் நீதிக் கட்சி (பி.கே.ஆர்.) சின்னத்திலும் தோற்ற பின்னரும் ஊரைவிட்டுப் போகவில்லை. வென்ற பிறகு ஆண்டுதோறும் சொத்துக் கணக்கை வெளியிட்டார். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி மறுக்கப்பட்டதை எதிர்த்து நீதிமன்றம் ஏறினார். அங்கே வெற்றி கிட்டவில்லை. 2011இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்.

இந்த உழைப்புதான் 2008 வெற்றியைத் தந்தது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அது முழு உண்மை ஆகாது. 2007 நவம்பரில் மலேசிய இந்தியர் உரிமை கேட்டு எழுந்த இண்ட்ராஃப் அலையும், எதிர்க்கட்சிகள் ஒரே வேட்பாளரை நிறுத்தியதும் அந்த ஆண்டு நாடு முழுவதும் கணக்கை மாற்றின. 2008இலும் 2013இலும் அவர் நின்றது பி.கே.ஆர். சின்னத்தில். 2018இல் சொந்தச் சின்னத்தோடு நான்குமுனைப் போட்டியில் இறங்கியபோது, ஆட்சி மாற்றம் வேண்டிய மக்கள் பி.கே.ஆர். வேட்பாளர் கேசவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அடித்தள உழைப்பு நம்பிக்கையைச் சேர்க்கும். அந்த நம்பிக்கையை வாக்காக மாற்றக் கூட்டணி வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 1,821 போன்ற மெல்லிய வித்தியாசத்தில் வெல்ல முடியும்.

அடுத்து நிலக் கொள்கை. அவருடைய கட்சி கேட்பது எளிமையானது: உணவுப் பயிர் விளையும் அரசு நிலத்தை நிரந்தர உணவு உற்பத்திப் பகுதியாக அரசிதழில் அறிவியுங்கள், பயிரிடுவோருக்கு நீண்டகாலக் குத்தகை கொடுங்கள், வெளியேற்றாதீர்கள். இந்தக் கோரிக்கையின் வலு தெரிய, 'டிஓஎல்' எனப்படும் தற்காலிக நில உரிமத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் அந்த ஆண்டின் டிசம்பர் கடைசியோடு முடிந்துவிடும். பிறருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் இறந்துவிடும். மகன் புதிதாக மனுப் போட வேண்டும். கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். ஆனால் கிணறும், சொட்டுநீர்க் குழாயும், மழைக்கூரையும் போட்ட பணத்தைத் திருப்பித்தரப் பல ஆண்டுகள் ஆகும். டிசம்பருக்குப் பின் நிலம் இருக்குமா என்று தெரியாதவர் எப்படி முதலீடு செய்வார்? அந்தத் தாளை அடமானமாக எந்த வங்கி ஏற்கும்? உரிமத்தாள்கூட இல்லாமல் பயிரிடுவோர் நிலை இன்னும் மோசம். 2022இல் நாட்டின் உணவு இறக்குமதி 7,500 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஈப்போவுக்கு வடக்கே கந்தானில் விளைந்துகொண்டிருந்த காய்கறித் தோட்டங்கள் இடிக்கப்பட்டன. இந்த முரணைச் சுட்டிக்காட்டுவதில் ஜெயக்குமார் தரப்பு முழுக்கச் சரி.

மறுதரப்பு வாதத்தையும் கேட்போம். அரசு நிலத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை பிறக்காது என்று அதே சட்டம் சொல்கிறது. காய்கறித் தோட்டம் இருந்த இடத்தில் தொழிற்பேட்டை வந்தால் வேலை வரும், பேராக் இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஓட வேண்டியதில்லை. வேலை பற்றிய வாதம் நியாயமானது. ஆனால் தொழிற்பேட்டைக்கு வேறு இடம் பார்க்கலாம். தலைமுறையாக எரு போட்டுப் பண்படுத்திய மண்ணை வேறிடத்தில் உடனே உருவாக்க முடியாது. சட்டம் உரிமை தராது என்பதால் அரசு குத்தகை தரக்கூடாது என்று ஆகாது. அரசு மனம் வைத்தால் 99 ஆண்டு வரை நிலம் வழங்க அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

கொள்கையின் குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, நிலம் மாநில அரசின் அதிகாரம். ஜெயக்குமார் பத்தாண்டு பேசிய நாடாளுமன்றம் பேராக்கில் ஓர் ஏக்கருக்கும் குத்தகை எழுதித்தர முடியாது. அந்த முடிவு மாநிலத் தலைநகரான ஈப்போவில் எடுக்கப்படுகிறது. இரண்டு, குத்தகை மட்டும் வருமானம் தராது. உரம், பூச்சிமருந்து விலையும், இடைத்தரகர் நிர்ணயிக்கும் கொள்முதல் விலையும், ஆள் பற்றாக்குறையும் அப்படியே இருந்தால் குத்தகைக்காரரும் கடனில்தான் நிற்பார். மூன்றாவது குறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இக்கோரிக்கை இப்போது நிலத்தில் இருப்பவரைக் காக்கிறது. தலைமுறைகளாகப் பால் வெட்டிவிட்டு ஒரு துண்டு நிலமும் இல்லாமல் வெளியேறிய தோட்டத் தமிழரை அது எட்டவில்லை. அவர்களுக்காகக் கேட்கப்பட்டது வீடு. விளைநிலமும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டிருந்தால் சீனக் காய்கறி விவசாயியும், முன்னாள் தோட்டப் பாட்டாளியும், பரம்பரை நிலத்துக்குப் போராடும் ஓராங் அஸ்லி பழங்குடியினரும் ஒரே மேடையில் நிற்கக் காரணம் கிடைத்திருக்கும்.

2025 ஏப்ரலில் பேராக்கின் ஆயர் கூனிங் சட்டமன்ற இடைத்தேர்தலில் அதே கட்சியின் கே.எஸ். பவானி நின்று 1,106 வாக்குகள் பெற்றார். எண்ணிக்கை சிறிது, தேர்ந்த இடம் சரியானது. நில உரிமையைத் தீர்மானிக்கும் மாநில அரசு உருவாவது சட்டமன்றத்தில்தான்.

என் முடிவு இது. ஜெயக்குமாரின் பரப்புரை முறை, தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டையோடு வரும் அரசியலைவிடப் பல மடங்கு உயர்ந்தது. அதை மற்றக் கட்சிகள் கற்க வேண்டும். அவருடைய நிலக் கொள்கை அடிப்படையில் சரியானது, ஆனால் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. கொள்முதல் விலையையும், நிலமற்ற தோட்டக் குடும்பங்களையும் அதில் சேர்த்து, கூட்டணி பேசி, சட்டமன்றத் தொகுதிகளில் முழுக் கவனம் வைத்தால் அது ஆட்சிக்கு உரிய திட்டமாகும். இல்லையேல், இடிப்பு நடக்கும் காலையில் விவசாயிகளோடு நிற்கும் துணிவாக மட்டுமே நின்றுவிடும். அந்தத் துணிவுக்கு என் மரியாதை உண்டு. பேராக் விவசாயிக்கு அதற்கு மேலும் வேண்டும்.