மூணு, ரெண்டு, ஒண்ணு

ஐபிஎல் முடிந்ததும் ஆரஞ்சுத் தொப்பிக்காக யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. ஓட்டங்களைக் கூட்டினால் யாருக்கென்று தெரிந்துவிடும். பேச்சு அதோடு முடிந்தது. ரக்பி லீக் ரசிகர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் கடைசியிலும் வடக்கு இங்கிலாந்தில் அக்டோபர் வாக்கிலும் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று அறிவிப்பார்கள். ஒரு மாதம் முன்பே தொடங்கும் வாக்குவாதம் அடுத்த சீசன் பிறந்த பிறகும் ஓயாது. புதிதாகக் கேட்பவருக்கு அது வெறும் கூச்சல். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது ஆட்டத்தைவிட இந்தச் சண்டைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

என்னைக் கெடுத்தவன் சித்தப்பா மகன். சிட்னிக்கு மேற்கே டூங்காபியில் இருக்கிறான். தமிழர்கள் நிறையக் குடியேறிய பக்கம் அது. பரமட்டா ஈல்ஸ் அணியின் பேட்டையும் அதுதான். ஊரோடு ஒத்து வாழ்கிறேன் என்று அவனும் ஈல்ஸ் ஆளாகிவிட்டான். 1986-க்குப் பிறகு கோப்பையே வாங்காத அணி. அவன் ஜாதகம் அப்படி. அவன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்தேன். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, நீங்க பந்தையே பாத்துட்டிருக்கீங்க. அத விடுங்க. அந்த ஒம்போதாம் நம்பர் என்ன பண்றான்னு பாருங்க."

ஆட்டம் இவ்வளவுதான். அணிக்கு 13 பேர், 80 நிமிஷம். பந்து கையில் உள்ள அணிக்கு ஆறு டேக்கிள் வரை அவகாசம். ஓடி வருகிறவரை இரண்டு மூன்று பேர் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவார். மறுபடி ஓட்டம், மறுபடி பிடி. ஆறாவது பிடியோடு பந்து கைமாறும் என்பதால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் உதைத்து அனுப்பிவிடுவார்கள். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 4 புள்ளி. அதன்மேல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2.

கால் உருட்டிவிட்ட பந்தை ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து அனுப்புகிறவர்தான் அந்த ஒன்பதாம் எண், ஹூக்கர். பந்து அவர் கையில் ஒரு நொடிகூட நிற்காது. கேமராவும் பந்தோடு போய்விடும். பந்து எதிரணியிடம் இருக்கும்போது நடு மைதானத்தில் நின்று வருகிறவரையெல்லாம் பிடிப்பதும் அவர் வேலை. ஒரே ஆட்டத்தில் 40 டேக்கிள் என்பது அவருக்குச் சாதாரணம். பக்கத்திலேயே எட்டும் பத்தும், ப்ராப்கள். மூன்று பேர் காத்திருக்கும் சுவர் என்று தெரிந்தே, மாங்கு மாங்கென்று அதில் போய் மோதி, நாலைந்து மீட்டர் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு விழுவார்கள். அந்த மீட்டர்களைச் செலவு செய்பவர்கள் ஏழாம் எண் ஹாஃப்பேக்கும் ஒன்றாம் எண் ஃபுல்பேக்கும். பதக்கமும் பெரும்பாலும் அவர்களுக்கே போகும். வருஷக் கடைசிச் சண்டைகளை உரித்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான்.

ஆஸ்திரேலியப் பதக்கத்தின் பெயர் டேலி எம். 1907-இல் ரக்பி யூனியனை விட்டு இந்தப் பக்கம் வந்த பெருநட்சத்திரம் ஹெர்பர்ட் 'டேலி' மெசெஞ்சரின் பெயர் அது. ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் தேர்வாளர் மூவரைப் பொறுக்கி 3, 2, 1 என்று புள்ளி போடுவார். 2023 முதல் ஆட்டத்துக்கு இரண்டு தேர்வாளர்கள். ஒருவரே 6 வரை வாங்கலாம். சீசனின் முதல் பகுதியில் புள்ளிப் பட்டியலை வெளியிட்டுக்கொண்டே வந்து, பிறகு மூடி வைத்துவிடுவார்கள். மீதியை விழா மேடையில்தான் பிரிப்பார்கள். நம் ஊர் வாக்கு எண்ணிக்கை நாளின் படபடப்பை ஒரு விருந்துக் கூடத்தில் அடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

இந்தச் சண்டையின் ருசி தெரிய வேண்டுமானால் 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நியூகாசில் நைட்ஸ் அணியின் கேலின் போங்கா. தலைக் காயங்களால் சீசன் தொடக்கத்தில் சில வாரங்கள் இழந்தவர், பரிசோதனைக்குக் கனடா வரை போய் வந்தவர். திரும்பி வந்து ஃபுல்பேக் இடத்தில் நின்றதும் அணி எழுந்தது. கடைசி ஒன்பது லீக் ஆட்டங்களையும் வென்றது. மறுபக்கம் நியூஸிலாந்து வாரியர்ஸ் அணியின் ஷான் ஜான்சன். முந்தைய வருஷம் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்த அணியை நான்காம் இடத்துக்குத் தூக்கி வந்த ஹாஃப்பேக், வயது 33. விழாவுக்குப் பதினொரு நாள் முன்பு இந்த இரண்டு அணிகளும் ஆக்லாந்தில் நாக்-அவுட்டில் மோதின. காயத்திலிருந்து திரும்பிய ஜான்சனின் அணி 40-10 என்று நைட்ஸை நசுக்கியது. ஆனால் நாக்-அவுட்டுக்குப் புள்ளி கிடையாது. மேடையில் கடைசிக் கவரைப் பிரித்தபோது போங்கா 56, ஜான்சன் 55.

ஒரே ஒரு புள்ளி! அதற்காக நியூஸிலாந்தே கொதித்தது. ஏதோ ஓர் ஆட்டத்தில், ஏதோ ஒரு தேர்வாளர், ஜான்சனுக்கு 2 போட்ட இடத்தில் 3 போட்டிருந்தால் சமன். நீங்கள் எந்தப் பக்கம் என்பதல்ல முக்கியம். உங்கள் பக்கத்துக்கு எதை ஆதாரமாக வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். போங்கா கட்சிக்காரர் "அவர் வந்த பிறகுதானே அணி ஜெயித்தது" என்பார். அவருக்கு மதிப்பு என்பது உச்சம். ஜான்சன் கட்சிக்காரர் "மார்ச்சிலிருந்து வாராவாரம் இழுத்தது யார்" என்பார். அவருக்கு மதிப்பு என்பது தொடர்ச்சி. 2021-இல் டாம் ட்ரபோயெவிச் முதல் ஐந்து சுற்று ஆடாமலே பதக்கத்தைக் கொண்டுபோனபோதும் இதே இரு கட்சிகள்தான். ஆட்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கட்சியை மாற்றாதவர் நேர்மையான ரசிகர். அப்படி நான் பார்த்தவர்கள் சொற்பம்.

இந்த வழக்கில் அடிக்கடி வரும் இன்னொரு வாதம் நேதன் கிளியரியைப் பற்றியது. 2020 லீக் ஆட்டங்களில் அவருடைய பென்ரித் பேந்தர்ஸ் ஒரே ஒரு முறைதான் தோற்றது. பதக்கம் அவருக்குத்தான் என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள். கிடைத்தது கான்பெராவின் ஜாக் வைட்டனுக்கு. நல்ல அணியில் இருப்பதே குறை என்று வாதிடுவார்கள்: நான்கு பேர் பிரமாதமாக ஆடினால் 3-2-1 அவர்களுக்குள்ளேயே சிதறிவிடும், சுமாரான அணியில் ஒற்றை ஆளாக மின்னுபவருக்கு 3 நிச்சயம். இதோடு வருஷ நடுவில் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர் வேறு. அதற்கு அழைக்கப்படுபவர் கிளப் ஆட்டங்களைத் தவறவிட வேண்டும். மாநில அணிக்குத் தேர்வானதற்கே அபராதம் கட்டுவது போல. 2023-இல் டேலி எம் விழா முடிந்த நான்காம் நாள் இறுதிப் போட்டி. 8-24 என்று பின்தங்கிய பேந்தர்ஸை, கிளியரி கடைசி இருபது நிமிஷத்தில் ஏறக்குறையத் தனியாளாக இழுத்து, 26-24 என்று கோப்பையை வாங்கித் தந்தார். அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவருக்கு. டேலி எம் மட்டும் இன்றுவரை இல்லை. என்னைக் கேட்டால், பதக்கத்துக்குத்தான் அது குறை.

இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே விருதின் பெயர் மேன் ஆஃப் ஸ்டீல், 1977-இலிருந்து இருக்கிறது. அரிய புற்றுநோயோடு ஏழு வருஷம் போராடிக்கொண்டே நிதி திரட்டி, 2013-இல் மறைந்த ஸ்டீவ் பிரெஸ்காட்டின் பெயரை இப்போது முன்னால் சேர்த்திருக்கிறார்கள். 2008-க்கு முன் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதன்பின் பதினொரு வருஷம் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். 2019-இல் அந்த வேலை முன்னாள் வீரர்கள் குழுவிடம் போனது. எனக்குப் பிடித்தது அந்த நடுப் பதினொரு வருஷம். காரணம் 2016.

அந்த ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், ஹல் எஃப்சி எதிர் வாரிங்டன். ஹல் எஃப்சி அதுவரை வெம்ப்ளியில் வென்றதே இல்லை. அதே ஊரின் மற்ற அணி ரசிகர்கள் அதை வைத்தே தலைமுறை தலைமுறையாகப் பாட்டுப் பாடி வெறுப்பேற்றினார்கள். வாரிங்டன் 10-0 முன்னிலை. கடைசிக் கட்டத்தில் ஹல் இரண்டு ட்ரை போட்டு 12-10 என்று முந்தியது. இன்னும் ஓரிரு நிமிஷம். வாரிங்டனின் பென் கரி பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டார். கையை இறக்கி அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கைக்கும் புல்லுக்கும் நடுவே ஹூக்கர் டேனி ஹவுட்டன் வந்து விழுந்தார். பந்து நழுவியது. கோப்பை ஹல்லுக்கு. மறுபடி ஓட்டிப் பாருங்கள்: கரியைப் பார்க்காமல், ஹவுட்டன் எங்கிருந்து ஓடி வருகிறார் என்று பாருங்கள். 78 நிமிஷம் டேக்கிள் போட்டுக் களைத்த கால்கள் அவை.

அன்றைய ஆட்ட நாயகன் விருது அவருக்கு இல்லை. உதைகளால் ஆட்டத்தைத் திருப்பிய மார்க் ஸ்னைட் வாங்கினார். ஆனால் அந்த வருஷ மேன் ஆஃப் ஸ்டீல் ஹவுட்டனுக்கு. ஓட்டுப் போட்டவர்கள் யார்? சீசன் முழுக்க அவரிடம் பிடிபட்டு மண்ணில் சாய்ந்தவர்கள். பத்திரிகை மாடத்தில் தெரியாதது விலா எலும்புக்குத் தெரிந்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்கு என்ன விலை என்ற தகராறு இந்த ஆட்டத்தோடு பிறந்தது. 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்கள் கூடி ரக்பி யூனியனிலிருந்து பிரிந்ததே கூலிக்காக. சுரங்கத்திலும் மில்லிலும் சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியைத் தர வேண்டும் என்றார்கள். தரக்கூடாது என்றது தெற்கு. நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கூலிச் சண்டை ஓயவில்லை: 2003-இல் சம்பள ஒப்பந்தத் தகராறில் வீரர்கள் புறக்கணிக்க, டேலி எம் விழாவே நின்றுபோனது. அந்த வருஷத்துக்குப் பதக்கம் கிடையாது.

இந்தச் சண்டையில் சேர நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஆட்டம் முடிந்து நிபுணர்கள் வாயைத் திறக்கும் முன் டிவியை மியூட்டில் போட்டு, உங்கள் மூன்று, இரண்டு, ஒன்றை எழுதுங்கள். பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி. ட்ரை போட்டவர் பெயரே வந்தால் அழித்துவிட்டு, அந்த ட்ரைக்கு நான்கு பிடி முன்னால் பந்தைச் சுமந்தவர் யார் என்று யோசியுங்கள். பாதி சீசனில் ஒரு முறை உங்கள் அணியைப் பார்க்காமல், உங்களுக்குப் பிடிக்காத அணியின் ப்ராப் ஒருவரை மட்டும் இருபது நிமிஷம் பின்தொடருங்கள். டேக்கிள் போட்டதும் எத்தனை வேகமாக எழுகிறார், வரிசைக்குப் பின்வாங்கிப் போகிறாரா, இடுப்பில் கை வைக்கிறாரா. புள்ளிவிவரத்தில் மீட்டரும் டேக்கிளும் வரும். இடுப்பில் வைத்த கை வராது. பெரிய பதக்கத்தை அறிவித்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவர் என்று 13 பேரைத் தேர்ந்தெடுக்கும் வருஷ அணி இருக்கிறதே, சண்டை போட அதுதான் தோதான களம். அங்கே ப்ராப் இன்னொரு ப்ராப்போடுதான் போட்டி போட வேண்டும்.

சித்தப்பா மகனின் நோட்டை போன வருஷம் புரட்டினேன். வாரம் தவறாமல் 3 புள்ளி ஈல்ஸின் ஒரே ப்ராப்புக்கு. அணி அடி வாங்கித் தோற்ற வாரத்திலும் 3. அந்த ஆள் காயத்தோடு வீட்டில் உட்கார்ந்திருந்த வாரத்திலும் 3 போட்டிருந்தான். "இது என்னடா அநியாயம்?" என்றேன்.

"அவன் இல்லாதப்போதான் அண்ணே அவன் என்ன செஞ்சிட்டிருந்தான்னு தெரிஞ்சுது" என்றான்.