வெள்ளி எந்தக் கட்சி?

நியூயார்க் டைம்ஸின் ‘கனெக்‌ஷன்ஸ்’ புதிர் 2023 ஜூனில் வந்தது. தினம் 16 வார்த்தைகள். சம்பந்தம் கண்டுபிடித்து நாலு நாலாகப் பிரிக்கணும். நாலாவது தப்பில் ஆட்டம் க்ளோஸ்.

சுலபம் என்று இறங்கினேன். மூன்று நாள் மண்ணைக் கவ்வினேன். சூட்சுமம் இதுதான். தமிழில் போட்டால் இப்படி இருக்கும்: தங்கம், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். ஐந்து உலோகம்! யாரோ ஒருத்தர் அதிகம். பக்கத்திலேயே திங்கள், புதன், வியாழன் மூவரும் நாலாவது ஆளுக்குக் காத்திருப்பதைக் கவனித்தால் வெள்ளி யார் பக்கம் என்று புரியும். இப்படி இரட்டை வேஷ வார்த்தைகளை நடுவே நிறுத்துவது நிஜமான சாமர்த்தியம்.

குறை? ஐடியா புதுசில்லை. பி.பி.சி.யின் ‘ஒன்லி கனெக்ட்’ 2008-லேயே இதே மாதிரி 16 கட்டச் சுவரை எழுப்பிவிட்டது. தவிர, ரொம்பக் கஷ்டமான ஊதா வரிசையில் சில நாள் அமெரிக்க டி.வி. தொடரும் மிட்டாய்ப் பெயரும் தெரிந்தால்தான் ஆச்சு. அது மூளைக்கு வைத்த பரீட்சை இல்லை, வளர்ந்த ஊருக்கு.

ஆனாலும் விடுவதாயில்லை. பெயரைக் கேட்டதுமே ஆளை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுகிற நமக்கு, தினம் காலையில் இந்தக் குட்டு தேவைதான்.