விக் வான்ஸின் கதை: வைஸ் சிட்டியும் அதன் முன்கதையும்

ஜிடிஏ வைஸ் சிட்டி வீடியோ கேமின் தொடக்கக் காட்சியில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, சரக்கு கைமாறும் நேரத்தில் சுடப்பட்டுச் சாகிற ஆள்தான் விக் வான்ஸ். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் அந்தக் காட்சியை நாங்கள் முழுசாக ஓடவிட்டதேயில்லை. மணிக்கணக்கில் காசு கட்டி உட்கார்ந்தவனுக்கு அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். பட்டனைத் தட்டிவிட்டு பைக் தேடிக் கிளம்பிவிடுவோம். அந்த ஆளைத்தான் 2006-இல் பிஎஸ்பி என்ற கையடக்க ஆட்டக்கருவிக்கு வந்த 'வைஸ் சிட்டி ஸ்டோரீஸ்' கதாநாயகனாக்கியது. பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கொடுத்த பழைய பிஎஸ்பியில் அதை ஆடி முடித்தேன்.

2002-இல் வந்த மூல ஆட்டத்தின் கதை 1986-இல் நடக்கிறது; முன்கதை 1984-இல். மூலத்தின் நாயகன் டாமி வெர்செட்டி நகரத்தையே வளைத்துப் போடுகிறவன். விக் வேறு மாதிரி. நோயாளியான சகோதரன் பீட்டின் மருந்துச் செலவுக்காக ராணுவத்தில் சேர்ந்தவன். சார்ஜென்ட் மார்டினெஸ் மறைத்து வைக்கச் சொன்ன போதைப்பொருள் அவனிடம் பிடிபட, வேலை போகிறது. வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காகத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்கள் நிறைந்த மாவட்டம் இது. விக்கின் கவலையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சகோதரன் லான்ஸ் வந்து நின்றாலே புதுச் சிக்கல்தான். மூலத்தின் கடைசியில் டாமியை அவன் காட்டிக்கொடுத்தது ஏன் என்று எனக்கு இங்கேதான் பிடிபட்டது. விக் இரண்டு வருடத்தில் சாகப்போகிறான் என்று தெரிந்தே ஆடுவதால் மனம் கனக்கிறது. கதையில் முன்கதைக்கே என் ஓட்டு.

ஆட்டம் என்று வந்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஊர் முழுக்க 30 இடங்களைப் பிடித்துத் தொழில் நடத்தலாம்: கந்துவட்டி, கடத்தல், பாதுகாப்பு மாமூல் என்று ஆறு வகை. எதிரி கும்பலின் கட்டடத்துக்கு வெளியே வண்டியை உடைத்து, காவலாட்களை வீழ்த்தி, உள்ளே நுழைந்து அடித்து நொறுக்கினால் இடம் நமக்கு. முதலில் விறுவிறுப்பாக இருக்கிறது, போகப்போக ஒரே வேலையாகிவிடுகிறது. மூலத்தில் ஐஸ்கிரீம் ஃபேக்டரி, சினிமா ஸ்டூடியோ, டாக்ஸி கம்பெனி என்று டாமி வாங்கும் பல இடங்களுக்கும் தனித்தனி மிஷன்கள் இருந்தன. அந்த ருசி இதில் இல்லை.

பெரிய குறை கையில்தான். பிஎஸ்பியில் இடது பக்கம் ஒரே ஒரு அனலாக் குச்சி, வலப்பக்கம் கிடையாது. சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் 'எல்' பட்டனை அழுத்திப் பிடித்தபடி நடக்கும் குச்சியையே அசைக்க வேண்டும். அதாவது பார்த்தால் நடக்க முடியாது, நடந்தால் பார்க்க முடியாது. முதுகுக்குப் பின்னால் சுடுகிறவன் யாரென்று திரும்புவதற்குள் பாதி உயிர் போயிருக்கும். மவுஸில் குறிவைத்துப் பழகிய கைக்கு இது தண்டனை. அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் ஆடியபோது, வெயிலில் இரவு மிஷன்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுபக்கம், பிரவுசிங் சென்டரில் கரண்ட் போனால் மிஷனும் போச்சு. இதில் பவர் சுவிட்சை ஒரு தள்ளு தள்ளினால் ஆட்டம் உறங்கும், பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். டாமி தண்ணீரில் விழுந்தால் செத்தான். விக் கொஞ்ச தூரமாவது நீந்துவான். போலீசிடம் சிக்கினாலும் காசு கட்டி ஆயுதங்களை மீட்டுக்கொள்ளலாம். பாடகர் ஃபில் காலின்ஸ் தன் சொந்தக் குரலிலேயே ஒரு பாத்திரமாக வருகிறார், அவரைக் காப்பாற்றும் மிஷன்கள் அருமை. ஊர் அதே ஊர்தான் என்றாலும் வைஸ் பாயின்ட் பகுதியில் 1986-இல் இல்லாத ராட்டினம் சுற்றுகிறது. அதன் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டுமே பெரியவர்களுக்கான ஆட்டங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். ஒன்றை மட்டும் ஆட நேரமிருந்தால் 2002-இன் வைஸ் சிட்டியை எடுங்கள். அதை முடித்தவர்கள் முன்கதையை அவசியம் ஆடுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். சிக்கல் என்னவென்றால், மூலம் 2012-லேயே செல்போனுக்கு வந்துவிட்டது, முன்கதையோ பிஎஸ்பியையும் பிஎஸ்2-ஐயும் தாண்டி கம்ப்யூட்டருக்கோ செல்போனுக்கோ முறையாக வரவேயில்லை. செல்போனில் எமுலேட்டர் போட்டுத்தான் நம் பையன்கள் ஆடுகிறார்கள். ஆட்டத்தை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர வேண்டும், மவுஸில் குறிவைக்கும் வசதியோடு.