அசன் யார் பிள்ளை?

மர்மக் கதையும் கையுமாக ஒரு பிள்ளையைக் கண்டால், "என்னடா இது, பாடத்த விட்டுட்டு?" என்று கேட்கிறோம். ஆனால், ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமை பேசும் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' (1885) ஓடுவதே ஒரு மர்மத்தில்தான். எகிப்தில் உயர்குடியில் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு இந்தியாவில் வளர்கிறது. அவன் யார் பிள்ளை? வாசகனைப் பிடித்து இழுப்பது இந்தக் கேள்விதான். அறிவுரையெல்லாம் அதன் முதுகில் ஏறித்தான் வருகிறது.

காலந்தோறும் கேள்வி மாறியிருக்கிறது. கலிங்கத்துப்பரணியின் பேய்களிடம் ஒளிவுமறைவே இல்லை. போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்களில் 'செய்தது யார்?' என்ற கேள்வி. சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தில் 'பேயா, விஞ்ஞானமா?'

ஹல்துமுல்லையில் அசன் கதையைச் சொன்னால், "அப்பா யாருன்னு கடைசியில தெரியுமா சேர்?" என்றுதான் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய முன்னோரிடம் கேட்டதும் ஏறக்குறைய அதுதானே: உன் தகப்பன் எங்கே பிறந்தான்? அசனுக்கு நாவல் முடிவதற்குள் விடை கிடைத்தது. லயத்துச் சனங்கள் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள்.

நாவலில் எனக்குள்ள மனக்குறையும் இங்கேதான். உயர்குடிப் பிறப்பு வெளிப்பட்டால்தான் அசனுக்கு மதிப்பா? பரீட்சைக்கு ஆண்டை மட்டும் மனனம் செய்விக்காமல், மர்மக் கதையாகவே இதைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம். அந்தக் கேள்வியையும் அவர்களே கேட்பார்கள்.