மறுப்பதற்காகப் படித்தவர்கள்

1542இல் பாசல் நகர மன்றம் ஒரு நூலின் அச்சுத் தாள்களைப் பறிமுதல் செய்து, அச்சகக்காரர் ஓபோரினுஸைச் சிறையில் அடைத்தது. நூல், திருக்குர்ஆனின் லத்தீன் பெயர்ப்பு. அதை வெளியிட விடுங்கள் என்று மன்றத்துக்கு எழுதியவர் மார்ட்டின் லூதர். பரிவால் அல்ல, துருக்கியரின் வேதம் எல்லார் கண்ணிலும் பட்டாலே அதன் மதிப்புக் குலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. 1543இல் இறையியலாளர் பிப்லியாண்டரின் பதிப்பாக, மறுப்புரைகள் புடைசூழ, நூல் வெளிவந்தது.

மறுப்புதான் அங்கே அனுமதிச்சீட்டு. அதை வெறும் காழ்ப்பு என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. எதிராளியைப் பிழையாக மேற்கோள் காட்டி வாதில் வெல்ல முடியாதே! 1698இல் இத்தாலியின் பதுவாவில் கத்தோலிக்கப் பாதிரியார் லுடோவிக்கோ மராச்சி வெளியிட்ட பதிப்பில் அரபு மூலம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் அதையடுத்து லத்தீன் பெயர்ப்பு, விளக்கக் குறிப்பு, கடைசியில் மறுப்பு. ஸமக்ஷரி, பைளாவி போன்றோரின் தஃப்ஸீர்களை, அதாவது குர்ஆன் விளக்கவுரைகளை, அவர் படித்துப் பயன்படுத்தியிருக்கிறார். 1734இல் வந்த ஜார்ஜ் சேலின் ஆங்கிலப் பெயர்ப்பு அவருக்குப் பெரிதும் கடன்பட்டது. அதற்கு முந்தைய 1649 ஆங்கிலப் பதிப்போ பிரெஞ்சு வழியாக வந்த சரக்கு.

ஆனால் குர்ஆன் என்ற சொல்லுக்கே ஓதுதல் என்று பொருள். காதில் வாழும் நூலை மராச்சி கண்ணால் மட்டுமே படித்தார். அதை ஓதி வாழ்கிறவர்களின் ஊர்களில் அவர் இருந்ததில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடிக்கொண்டிருந்தார் உமறுப் புலவர். அந்த நூல் ஒரு மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்ற கேள்வியே பதுவாவில் எழவில்லை.

அதுபோன்ற ஒரு கேள்வியைக் கேட்டவர், 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூதரன் பாதிரியார் சீகன்பால்கு. அவர் படித்தது குர்ஆனை அல்ல, நம் ஊர்த் தெய்வங்களை. ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், தமிழர்களுக்கே கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். அவரும் அந்த வழிபாட்டை அஞ்ஞானம் என்றுதான் நம்பினார். ஆனாலும் 1713இல் எழுதிய ‘தெய்வங்களின் வம்சாவளி’ என்ற நூலில் மறுப்பைவிடத் தகவலே மேலோங்கி நிற்கிறது. அதுவே வினையாயிற்று. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று அந்தப் பணியை ஹாலே நகரத்திலிருந்து மேற்பார்த்த பிராங்கே கடிந்துகொண்டார். லூதர் வழி வந்தவர்தான் அவரும்! நூல் அச்சேறியது 1867இல், சென்னையில்.

கேட்டுப் படித்தவர் உயர்ந்தவர், ஏட்டைப் பார்த்துப் படித்தவர் தாழ்ந்தவர் என்று இங்கே தீர்ப்பு எழுதிவிடலாம். எனக்குத் தயக்கம் உண்டு. தமிழர்கள் எழுதிய பதில்கள் ஜெர்மன் பெயர்ப்பில்தான் மிஞ்சியிருக்கின்றன. தமிழ் மூலங்கள் கிடைக்கவில்லை. அவர்கள் சொன்னது எது, பெயர்த்தவர் சேர்த்தது எது என்று பிரித்தறிய வழியில்லை. பகையோடு எழுதிய மராச்சியை, லத்தீன் தெரிந்த எந்த மதரஸா மாணவரும் இன்றும் சோதிக்கலாம்: அவர் பெயர்ப்புக்குப் பக்கத்திலேயே அரபு நிற்கிறது.