பால் நிறுத்தி முடியாத நாள்

“வீட்டுலதானே இருக்கே, கொஞ்சம் கடைக்குப் போய்ட்டு வாயேன்.” புக்கிட் ரோத்தானில் வீட்டிலிருந்து வேலை செய்கிற எவனும் கேட்டிருக்கக்கூடிய வசனம் இது. அம்மாவின் கணக்கில் வேலை என்றால் உடம்பு வேர்க்கணும்.

நம் வாசிப்பும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. கா. பெருமாளின் ‘துயரப் பாதை’, சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற தோட்ட நாவல்களைப் பேசும்போது வேர்வையையும் வறுமையையும் மட்டும் பேசுகிறோம். தோட்ட வாழ்க்கையின் இன்னொரு கேள்வியை விட்டுவிடுகிறோம்: வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும்?

லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். விடியுமுன் பெரட்டு; வராதவன் வீடு எது என்று கிராணிக்குத் தெரியும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பெரட்டு நம் படுக்கையறைக்கே வந்தது. காலை ஒன்பதுக்குப் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியணும்.

ஒப்பீடு இதோடு நிற்கிறது. நம்மை யாரும் வீட்டைவிட்டு விரட்டப்போவதில்லை. விடியுமுன் லத்தார் நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்கு ஓட வேண்டாம். அங்கே அறை வாடகை கட்ட வேண்டாம். மதியம் அம்மா கையால் சாப்பிடலாம். இதெல்லாம் நிஜமான நிம்மதி.

ஆனால் பால்மரம் வெட்டியவருக்கு இருந்த இரண்டு விஷயங்கள் நமக்கு இல்லை. பாலை நிறுத்துக் கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது. பெரட்டில் பக்கத்தில் நின்று கிராணியைக் கிண்டலடிக்க ஒரு ஆள் இருந்தார். நமக்கு இரவு பத்துக்கும் செய்தி வருகிறது, அதைப் படித்து எரிச்சல்பட பக்கத்தில் யாருமில்லை. அலுப்பைவிட இந்தத் தனிமைதான் ஆளைத் தின்கிறது.

2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின் 60பி, 60கியூ பிரிவுகளின்படி வேலை நேரம், நாள், இடத்தை மாற்றக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரணும், மறுத்தால் காரணமும் சொல்லணும். அது கேட்கிற உரிமை மட்டுமே. இரவு எத்தனை மணிக்குச் செய்தி நிற்கணும் என்று அந்தப் பிரிவுகள் பேசவில்லை.

நம் கதைகளில் கணினிக்காரன் பெரும்பாலும் தோட்டத்தைவிட்டுப் போன பையனாகத்தான் வருகிறான். திரும்பி வந்து, அம்மா வீட்டு ஹாலில் உட்கார்ந்து, இராத்திரியில் பதில் தட்டுகிறவனை யாராவது எழுதுங்கள். எழுதினால், அதுவும் வேலைதான் என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம்.