வறுமையும் உவகையும்: பெருஞ்சித்திரனார் பாட்டொன்றன் திறன்

பொருளின்மை மனிதனிடமிருந்து பறிப்பவை பல. உணவையும் உடையையும் அது பறித்தல் யாவர்க்கும் வெளிப்படை. அவற்றினும் நுண்ணிதாக அது பறிப்பதொன்றுண்டு. அஃது இன்றைய பொழுது. கடன்பட்டோன் நேற்றைய கணக்கிலும் நாளைய அச்சத்திலும் வாழ்கின்றானேயன்றி இன்று வாழ்வதில்லை. திருவள்ளுவர் நல்குரவு என்னும் அதிகாரத்திலே, நேற்று வந்து கொல்வதுபோல் வருத்திய வறுமை இன்றும் வருமோ என ஏங்குவானொருவனைக் காட்டுகின்றார். நெருப்பினுள்ளே உறங்கினும் உறங்கலாம், வறுமையினுள்ளே உறங்குதல் அரிது எனவும் கூறுகின்றார். இங்ஙனம் பறிபோன பொழுதை ஒரு குடும்பம் மீட்டுக்கொண்ட செய்தியைச் சிலவாகிய அடிகளில் அமைத்துக் காட்டுவது புறநானூற்றின் 163ஆம் பாட்டு.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிற் பதிப்பித்து வெளியிட்ட நாள்தொட்டுப் புறநானூறு வீரத்தையும் கொடையையும் கூறும் நூலாகவே பெரிதும் பேசப்பட்டு வருகின்றது. கொடையைப் பேசுவோர் கொடுத்த வள்ளலை நோக்குகின்றனரேயன்றி, கொண்டவன் இல்லத்தில் அப்பொருள் யாதாயிற்று என்பதை நோக்குவார் சிலரே. பெருஞ்சித்திரனாரோ அவ்வில்லத்தின் கதவைத் திறந்து காட்டுகின்றார். அவர் முதிரமலைத் தலைவனாகிய குமணனைப் பாடிப் பெற்ற பரிசிலைக் கொண்டுவந்து தம் மனைவியிடம் ஒப்புவித்துக் கூறியதே இப்பாட்டு.

இதன் சுவையை முழுமையாக உணர விரும்புவோர் 159, 160ஆம் பாட்டுக்களை முன்னர்க் கற்றல் வேண்டும். அவற்றிலே புலவர் தம் வறுமையைச் சிறிதும் மறைத்தாரல்லர். கோலையே காலாகக் கொண்டு, பார்வை மங்கி, முற்றத்தையும் கடக்கமாட்டாத முதிய தாய்; குழந்தைகள் பலர் சூழ மேனி பசந்து வாடிய மனைவி; குப்பையில் முளைத்த கீரையை முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் தளிர்த்த இளந்தளிரைப் பறித்து, உப்பும் மோருமின்றி அவள் அட்ட உணவு ஆகிய இவையெல்லாம் அங்கே காட்சியாகின்றன. தளிர் முற்றுமளவும் காத்திருக்கப் பசி இடங்கொடுக்கவில்லை என்பது அக்கீரையொன்றினாலேயே புலனாகின்றது. அடுத்த பாட்டிலோ, பாலற்ற முலையைச் சுவைத்து ஏமாந்த சிறுவன் வெறுங்கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருமென்று அச்சுறுத்துகின்றாள், திங்களைக் காட்டுகின்றாள், தந்தையிடம் சினங்கொள்ளும் முகத்தைக் காட்டு என்று கேட்டு அவன் கருத்தை மாற்ற முயல்கின்றாள். பசித்த பிள்ளையைத் தேற்றும் தாயரின் செயல் ஈராயிரம் ஆண்டளவிலும் மாறவில்லை.

இத்தகைய இல்லத்துக்கே செல்வம் வந்துசேர்கின்றது. அப்பொழுது புலவர் கூறுவதென்ன? உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்பி வாழ்வோர்க்கும், கற்பிற் சிறந்த நின் சுற்றத்து மூத்தோர்க்கும், நம் குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் கொடு என்கின்றார். குறியெதிர்ப்பை என்பது, அளந்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. பின்னர், இன்னார்க்கென்று பாராதே, என்னையும் கேளாதே, இதனைப் பேணி வைத்து நன்கு வாழ்வோம் என்றும் எண்ணாதே, எல்லோர்க்கும் கொடு என்று முடிக்கின்றார்.

இக்கூற்றை ஊதாரித்தனமென இகழ்வாரும் உளர். நேற்றுவரை கீரைக்கு உப்பில்லாதிருந்த வீட்டில் நாளைக்கென ஒரு நாழி நெல்லையேனும் வைத்திருத்தலன்றோ அறிவுடைமை என்பது அவர் வினா. இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பாட்டின் வைப்புமுறையிலேயே இதற்கு விடை அமைந்திருக்கின்றது. புலவர் தனித்தனியே சுட்டிய நால்வகையினருள் கடன் தந்தோரும் உளர். கடனை மறந்து கொடைப்புகழ் தேடினாரல்லர் அவர். அன்றியும், ஏனையோர் யாவர்? வெறுங்கலங்களோடு அக்குடும்பம் வாழ்ந்த நாட்களில் உடனிருந்த சுற்றத்தாரும் அயலாருமேயாவர். அவ்வில்லத்துக்கு நேற்றுவரை சேமிப்பாக இருந்தது நெற்கூடன்று, அயலாரின் கையே. அதனைப் பேணுவார் நாளையையும் ஒருவாற்றாற் பேணினாரேயாவர். தாமே துய்ப்போம் எனின் தப்புவன பலவென்று 189ஆம் பாட்டில் நக்கீரனார் பொதுவறமாகக் கூறியதனைப் பெருஞ்சித்திரனார் ஓர் அடுக்களையில் வைத்து மெய்ப்பித்துள்ளார்.

இன்னுமோர் ஐயம் எழுதற்கு இடமுண்டு. கொடு எனச் சொல்வது கணவனுக்கு எளிது. நாளை உலையேற்ற வேண்டியவள் மனைவி. அவள் மறுமொழி பாட்டில் இல்லை. இஃது ஒரு குறையெனவே கொள்ளத்தக்கது. எனினும், புலவர் தாம் பகிர்ந்துவிட்டு அவளுக்கு அறிவித்தாரல்லர். பொருள் முழுவதையும் அவள் கையிற் கொடுத்துத் தம்மைக் கேட்க வேண்டாமென்கின்றார். மனைக்கு உரியவளே என அவளை விளித்தலும் இக்கருத்துப் பற்றியே. நீயும் கொடு என்புழி வந்த உம்மை, குமணன் கொடுத்ததுபோல என்னும் பொருளைத் தழுவி நிற்கின்றது. மலைநாட்டுத் தலைவனும் குப்பைக்கீரை கொய்தவளும் ஓர் உம்மையால் ஒருநிகராகின்றனர். வறுமை அவளிடமிருந்து பறித்தவற்றுள் பிறர்க்குக் கொடுக்கும் பெருமையும் ஒன்று. அவளுக்கு அன்று திரும்பக் கிடைத்தது சோறு மட்டுமன்று.

இந்த உவகை வறுமையை மறந்ததனால் வந்ததன்று என்பதும் கருதத்தக்கது. யானையே பரிசிலாகக் கிடைப்பினும் மனமின்றித் தரின் கொள்ளேன். மகிழ்ந்து தரின் குன்றிமணியளவும் கொள்வேன் என்று 159ஆம் பாட்டிலே பசியின் நடுவில் நின்று உரைத்தவர் அவர். பொருளின் அளவினும் அதனோடு வரும் மனநிலையையே அவர் பெரிதாக மதித்தாரென்பது அதனாற் பெறப்படும். வாங்கும்போது இருந்த அம்மதிப்பே கொடுக்கும்போதும் மாறாது நிற்கின்றது. இல்லாத காலத்துச் செம்மாந்து நின்றவர்க்கே உள்ள காலத்துக் கைவிரித்தல் இயல்பாயிற்று.

நூலிற் பாட்டுக்கள் நிற்கும் வரிசையும் சிந்தனைக்குரியது. 163ஐ அடுத்து வரும் 164, 165ஆம் பாட்டுக்கள் பெருந்தலைச்சாத்தனார் பாடியவை. அங்கே குமணன் தம்பியால் நாடிழந்து காட்டிலிருக்கின்றான். தன்பால் வந்த புலவர்க்குக் கொடுக்க வேறொன்றுமின்மையால், தன் தலையைக் கொய்துகொள்ளுமாறு வாளைக் கொடுக்கின்றான். பொருளை நிலையெனக் கருதிக் காத்திருப்பின், காக்கும் அரசனுக்கே அது நில்லாதென்பதைத் தொடர்ந்து கற்போர் உணர்வர். பெருஞ்சித்திரனார் மனைவி கையாற் பகிர்ந்த அந்நாளின் மகிழ்ச்சியோ பின்வந்த எதனாலும் அழியவில்லை.

நாளை மீண்டும் கலம் வெறுமையாகலாம். அதனைப் பாட்டு மறுக்கவில்லை. கலம் நிறைந்த நாளிலேனும் வெறுமையை எண்ணி நடுங்காதிருத்தலே அது கற்பிப்பது. சிறு வருவாயில் வாழ்வோர் இல்லந்தோறும் கணக்குப் பார்க்கும் இரவுகள் உண்டு. அவ்விரவுகளிற் படித்தற்குரிய பாட்டு இது. கடன் தந்தோரை நினை, உடனிருந்தோரை நினை, பின்னர் இன்றைய சோற்றை அமைதியாக உண் என்பதே அதனுள் உறையும் பொருளாம்.